பழைய கட்டிடக் காண்ட்ராக்டர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியது. அதன் பிறகு அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் பாலங்கள், பங்களாக்கள், கச்சேரிகள் எனப்பட்ட அரசு அலுவலகங்கள், பள்ளிகள் என்று கட்டிட வேலை பெருகியது. கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியாகி, பின்னர் காண்ட்ராக்டரானவர்கள் பலர். அப்படி ஒருவர் உங்கள் முன்னோராக இருந்து, அவருடைய வாழ்க்கையை எழுத விரும்பினால், குடும்பத்தார் சொல்லும் பெருமைக் கதைகளைச் சிறிது தள்ளிவைத்துவிட்டு, முதலில் பரண்மேல் இருக்கும் கணக்குப் புத்தகத்தைத் தேடுங்கள்.

அதைப் படிக்கச் சில பழக்கங்கள் வேண்டும். பக்கத்தின் தலைப்பில் இருக்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது. தொகைகள் தமிழ் எண்களில் இருக்கலாம். ‘எ’ போலத் தெரிவது 7, ‘அ’ போலத் தெரிவது 8. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை (தம்படி) என்பதால், கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும்போது இன்றைய பழக்கத்தில் நூறாகக் கணக்கிட்டால் எதுவும் பொருந்தாது. ‘சதுரம்’ என்று எழுதியிருந்தால் அது 100 சதுர அடி. என் கொள்ளுத்தாத்தாவின் நோட்டில் கடுக்காய், வெல்லம் என்று வாரந்தோறும் வந்த வரிகளை வீட்டுச் செலவு என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். வயதான கொத்தனார் ஒருவரிடம் காட்டிய பிறகுதான், அவை ஊறவைத்துச் சுண்ணாம்புக் கலவையில் சேர்க்க வாங்கியவை என்பது புரிந்தது. அந்த வரிகள் தொடங்கும் நாளையும் நிற்கும் நாளையும் குறித்துக்கொண்டால், பூச்சு வேலை எத்தனை வாரம் நடந்தது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

ஆண்டுகளில் மிகுந்த கவனம் தேவை. தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், ‘தாது வருஷம்’ என்பது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். உடன் வரும் பிறப்பு, திருமணம், கிரயப் பத்திரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். “பில் பாஸாகச் சித்தூர் போய்க் காத்துக் கிடந்தார்” என்று பெரியவர்கள் சொன்னால் குழம்ப வேண்டாம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் அதுதான். அரசு வேலைகள் பற்றிய ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி பெற்றுத் தேடலாம். கிறிஸ்தவ மிஷன் கட்டிடமானால் அந்தந்த மிஷனின் ஆண்டறிக்கைகளைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, கட்டிடத்தையே போய்ப் பாருங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாட்டாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கிறதா, பின்னாளில் கான்கிரீட் போட்டு மாற்றிவிட்டார்களா என்று கவனியுங்கள். சுவரில் பதித்த கல்லைக் காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால், தேய்ந்த எழுத்தும் தெரியும். எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய கட்டிடத்தைக் கொள்ளுத்தாத்தாவே முழுவதும் கட்டினார் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தோம். நோட்டிலோ மதில் சுவருக்கும் கிணற்றுக்கும் மட்டுமே அளவு இருந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் மதில், கிணறு என்றே எழுதினேன்.

சனிக்கிழமைக் கூலிப் பட்டியலைத் தவறாமல் சேருங்கள். கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று வகைவாரியாக எழுதிய பெயர்களில், தலையில் கலவைச் சட்டி சுமந்த பெண்கள் பலர் இருப்பார்கள். சுவரில் பதித்த எந்தக் கல்லிலும் அவர்கள் பெயர் இருக்காது. நோட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலை மாற்றாமல், ஒரு பெயரும் விடாமல், அவர்கள் வாங்கிய கூலியோடு அப்படியே பின்னிணைப்பாகக் கொடுங்கள்.