ஃபைபர் இருந்தும் வீடியோ அழைப்பு திணறுகிறதா? வரிசையை ரவுட்டருக்கு மாற்றுங்கள்

ஞாயிறு இரவு கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசுவேன். பத்து நிமிடத்தில் என் முகம் அங்கே உறைந்துவிடும். "என்னப்பா, பேசவே மாட்டேங்குற?" என்று அவர் கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும், நான் சொல்லும் பதில்தான் அவருக்குப் போய்ச் சேராது. அந்த நேரத்தில் பக்கத்து அறையில் தம்பி, தான் எடுத்த கல்யாண வீடியோக்களைக் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருப்பான். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வருவது 1 கிகாபிட் ஃபைபர். சேவை நிறுவனத்திலிருந்து இரண்டு முறை வந்து பெட்டியை மாற்றிப் பார்த்தார்கள், சரியாகவில்லை. கடைசியில் சரிசெய்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரணம். வீட்டு ஃபைபரில் பரவலாக இருப்பது ஜிபான் (GPON) முறை. ஓர் இழையை ஒளிப்பிரிப்பான் பல வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. வீடுகளை நோக்கி வருவது 1490 நானோமீட்டர் ஒளியில் 2.5 கிகாபிட், வீடுகளிலிருந்து போவது 1310 நானோமீட்டரில் 1.25 கிகாபிட். எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் ஒளியை அனுப்பினால் ஒன்றோடொன்று மோதிவிடும். அதனால் சேவை நிலையத்தில் இருக்கும் ஓஎல்டி (OLT) என்ற கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் ஒதுக்குகிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து காவடிகளை முறைவைத்து அனுப்புகிறார்களே, அது மாதிரி. முறை வரும்வரை தரவுப் பொட்டலங்கள், ஃபைபர் வந்து சேரும் உங்கள் வீட்டு ஓஎன்டி (ONT) பெட்டிக்குள் காத்திருக்கும். தம்பியின் வீடியோ அந்த வரிசையை நிரப்பிவிட்டால் என் குரல் கடைசியில் நிற்கும்.

அந்தப் பெட்டிக்குள் நாம் கை வைக்க முடியாது. ஆனால் அது அனுப்பக்கூடியதைவிடச் சற்றுக் குறைவாக நம் ரவுட்டர் கொடுத்தால், வரிசை ரவுட்டரிலேயே நிற்கும். அங்கே யாரை முன்னால் விடுவது என்பது நம் கையில்.

படி 1: ஒளியைப் பாருங்கள். ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் இந்தக் கட்டுரை உதவாது, இணைப்பே கோளாறு. ஒளி அளவைக் காட்டும் பெட்டியாக இருந்தால் அது கழித்தல் 8-க்கும் கழித்தல் 27-க்கும் இடையே இருக்க வேண்டும் (அலகு டிபிஎம், ஒளியின் வலிமையைச் சொல்வது). எனக்குக் கழித்தல் 19, நல்ல அளவு.

படி 2: அளந்து பாருங்கள். வைஃபையில் வேண்டாம், கம்பி போட்டு அளக்க வேண்டும். எனக்குப் பதிவிறக்கம் 930 மெகாபிட், பதிவேற்றம் 470. அப்புறம் பிங்கை (ஒரு சர்வருக்குப் பொட்டலம் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) நிறுத்தாமல் ஓடவிட்டு, கூடவே ஒரு பெரிய கோப்பை ஏற்றுங்கள். உள்ளூர் சர்வருக்கு 4 மில்லி விநாடியாக இருந்தது 180-க்கு எகிறியது. சிங்கப்பூர்–சென்னை கடலடிக் கம்பிவடம் சுமார் 3,200 கிலோமீட்டர். இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ விநாடி ஆவதால், போய்வர 32 மில்லி விநாடியாவது ஆகும். அதை யாராலும் குறைக்க முடியாது. வீட்டுக்குள்ளேயே சேரும் இந்த 176-ஐக் குறைக்கலாம்.

படி 3: ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட்டு, அதில் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் (SQM) தொகுப்பை நிறுவுங்கள். வரிசை முறையாக 'கேக்' (CAKE) என்பதையே தேர்ந்தெடுங்கள். கடைகளில் "கேமிங் முன்னுரிமை" என்று விற்கும் ரவுட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பெரும்பாலும் ஒவ்வொரு கருவியையும் நாமே பட்டியலிட வேண்டும். கேக் ஒவ்வொரு இணைப்பையும் தனி வரிசையில் வைத்து மாறி மாறி விடும்.

படி 4: எஸ்க்யூஎம் பக்கத்தில், படி 2-ல் அளந்த வேகத்தில் சுமார் 90 விழுக்காட்டைப் போடுங்கள். அங்கே கேட்பது கிலோபிட் கணக்கு. பதிவேற்றத்துக்கு 420 என்று போட்டால் இணையமே நின்றுபோகும். 420000 என்று போட வேண்டும். பதிவிறக்கத்துக்கு 840000. ஓவர்ஹெட் (ஒவ்வொரு பொட்டலத்தோடும் கூடுதலாகப் போகும் தலைப்புத் தகவலின் அளவு) 44 பைட்.

படி 5: மூன்று இரவுகள் நான் மாட்டிக்கொண்ட இடம் இது. எல்லாம் சரியாகப் போட்டும் பிங் அதே 180. பதிவேற்ற எண்ணை 300000 ஆக்கினேன், வேகமும் குறையவில்லை. அப்போதுதான் உறைத்தது: பொட்டலங்கள் கேக் பக்கமே வரவில்லை! ரவுட்டர் அமைப்புகளின் ஃபயர்வால் பக்கத்தில் 'ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்' இயங்கிக்கொண்டிருந்தது. அது பொட்டலங்களை ரவுட்டரின் செயலிக்கு (சிபியூ) கொண்டுவராமல் நெட்வொர்க் சிப்பிலேயே கடத்திவிடும், கேக்குக்கு எதுவும் தெரியாது. மென்பொருள் ஆஃப்லோடிங்கையும் சேர்த்து இரண்டையும் அணைத்துவிட்டு ரவுட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். சோதிக்க எளிய வழி: எண்ணை வேண்டுமென்றே 50000 ஆக்குங்கள். வேகம் 50-க்கு இறங்கினால் கேக் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஆஃப்லோடிங்கையும், எஸ்க்யூஎம்மில் தேர்ந்தெடுத்த இன்டர்ஃபேஸையும் (இணையம் வரும் இணைப்பு) மறுபடி பாருங்கள். சேவை நிறுவனம் விலேன் (VLAN, ஒரே கம்பியில் எண்ணிட்டுப் பிரிக்கும் தனி வலையமைப்பு) எண் வைத்து இணைப்பு தந்தால், அந்த விலேன் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது தம்பி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பிங் 9.

பின்னர் சேர்த்தது: ஆஃப்லோடிங்கை அணைத்ததும் வேகம் 300-க்கு மேல் போகவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பழைய ரவுட்டரின் செயலி தாங்கவில்லை. ராஸ்பெர்ரி பை 4 மாதிரி ஒரு சிறு கணினியை ரவுட்டராக வைத்தால் கிட்டத்தட்ட முழு கிகாபிட்டும் வரும். இன்னொருவர் வீட்டில் ஓஎன்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டி. சேவை நிறுவனத்தை அழைத்து அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை உங்கள் சொந்த ரவுட்டருக்கு விட்டுவிடும் முறை) மாற்றச் சொல்லுங்கள், பிறகு படி 2-லிருந்து தொடங்குங்கள்.