சுழலும் கோளையும் அணுக்கருவையும் விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘பூமி ஏன் உருண்டையாக இருக்கிறது?’ என்று கேட்டால், ‘அது சுழல்வதால்’ என்ற விடை பள்ளி மாணவர்களிடமிருந்து மட்டுமல்ல, படித்துப் பணியில் இருக்கும் பெரியவர்களிடமிருந்தும் தயங்காமல் வருகிறது. இந்த விடை தலைகீழானது. கோளை உருண்டையாக்குவது அதன் சொந்த ஈர்ப்பு. சுழற்சி அந்த உருண்டையைக் கெடுக்கிறது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள 243 நாட்கள் எடுத்துக்கொள்ளும் வெள்ளி, கோள்களிலேயே மிகச் சீரான உருண்டைகளுள் ஒன்று. செவ்வாயின் துணைக்கோளான போபோஸ் எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. ஆனால் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கிலோமீட்டர் அகலமே உள்ள அதன் ஈர்ப்பு பாறையின் உறுதியை வெல்லப் போதாததால், அது ஒழுங்கற்ற துண்டாகவே கிடக்கிறது. சுழற்சிதான் உருண்டை வடிவத்துக்குக் காரணம் என்றால் இவ்விரண்டின் வடிவங்களும் இடம் மாறியிருக்க வேண்டும்.

இதனுடன் ஒட்டிப் பிறந்த இன்னொரு தவறு, சுழற்சி நின்றால் நாம் எல்லோரும் மிதந்து போய்விடுவோம் என்பது. ஈர்ப்பு நிறையிலிருந்து வருகிறது; சுழற்சி அதில் ஒரு சிறு பங்கைக் கழிக்கிறது, அவ்வளவே. நிலநடுக்கோட்டில் அந்தக் கழிவு ஈர்ப்பின் 289-இல் ஒரு பங்கு. சென்னையில் 60 கிலோ காட்டும் சுருள்வில் தராசு, பூமி மெல்ல மெல்லச் சுழற்சியை நிறுத்தி வடிவம் மட்டும் மாறாமல் இருந்தால், ஏறத்தாழ 200 கிராம் கூடுதலாகக் காட்டும். அதே தராசை வடதுருவத்துக்கு எடுத்துச் சென்றால் கூடுதல் 300 கிராம் வரை போகும். ஏனெனில் அங்கே சுழற்சியின் கழிவு இல்லை என்பதோடு, பூமியின் மையமும் சற்று அருகில் இருக்கிறது. இங்கே சுருள்வில் தராசு என்று அழுத்திச் சொல்வது அவசியம். கொத்தவால்சாவடிக் கடைகளில் ஒரு காலத்தில் தொங்கிய இரு தட்டுத் தராசில் படிக்கல்லின் எடையும் சேர்ந்தே மாறுவதால், எந்த ஊரிலும் எந்த வேறுபாடும் தெரியாது. நிறையையும் எடையையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, நடுப்பகுதி புடைத்திருக்கிறது என்பதைச் சொல்லும்போது அளவை விட்டுவிடுவது. பூமியின் நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ.; வேறுபாடு வெறும் 21 கி.மீ. மேசைமேல் வைக்கும் 30 செ.மீ. குறுக்களவுள்ள உலக உருண்டையில் இதை உண்மையான விகிதத்தில் செய்தால், நடுக் குறுக்களவுக்கும் துருவக் குறுக்களவுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு வரும், கண்ணுக்கே தெரியாது. பாடநூல்களில் வரையும் நீள்வட்டம் நமக்குப் புரியட்டும் என்பதற்காக மிகைப்படுத்தப்பட்டது என்று படத்தின் கீழே ஒரு வரி அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆயினும் 21 கி.மீ. என்பது மலைகளோடு ஒப்பிட்டால் சிறிதன்று. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான் உயரம், 8,849 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ, ஈக்குவடாரில் நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும், 6,300 மீட்டரைக்கூட எட்டாத சிம்பொராசோ, எவரெஸ்ட்டை இரண்டு கிலோமீட்டர் அளவில் மிஞ்சிவிடுகிறது.

நுட்பமான தவறு ஒன்று சென்னைக்கு நெருக்கமானது. கொத்தனார் சுவரோரம் தொங்கவிடும் தூக்குக்குண்டு பூமியின் மையத்தை நோக்கி நிற்கிறது என்றே எல்லாரும் எண்ணுகிறோம். உண்மையில் அது ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து தரும் விளைவின் திசையில், அதாவது தேங்கிய நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கிறது. சென்னையின் அட்சரேகையில் அந்த நூலைக் கற்பனையாகப் பூமிக்குள் நீட்டினால், அது மையத்தைத் தொடாமல் ஏறத்தாழ 9 கி.மீ. தள்ளிப் போகும். அட்சரேகை என்று நாம் சொல்வதும் இந்தத் தூக்குநூலின் கோணத்தைத்தான். இதை மறந்தவர்கள், நடுப்பகுதி புடைத்திருப்பதால் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் அங்கேதான் அதிகம் என்று கணக்குப் போடுவார்கள். நேர்மாறானது சரி: நிலநடுக்கோட்டருகே வளைவு அதிகம் என்பதால் கொஞ்ச தூரம் நடந்தாலே தூக்குநூல் ஒரு பாகை திரும்பிவிடும், தட்டையான துருவத்தருகே அதே ஒரு பாகைக்குக் கூடுதல் தூரம் போக வேண்டும். முன்னது 110.6 கி.மீ., பின்னது 111.7 கி.மீ. இந்த வேறுபாட்டைப் பிடிப்பது ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் நோக்கங்களில் ஒன்று. அவர் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை, அதாவது முக்கோணங்களுக்கு அடிப்படையாகும் நேர்கோட்டை, சங்கிலியால் அளக்கத் தொடங்கியதிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை வளர்ந்தது. நாட்டின் வரைபடத்துக்காக மட்டுமே அந்த அளவை நடந்தது என்று எழுதுவது பாதிக் கதை. பூமியின் வடிவமும் அங்கே அளக்கப்பட்டது.

வேகமாகச் சுழலும் கோள்தான் அதிகம் தட்டையாகும் என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதன்று. வியாழன் 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் சனி பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகவும் ஒரு சுற்றை முடிக்கின்றன. சற்று மெதுவாகச் சுழலும் சனியே கூடுதல் தட்டை: வியாழனின் துருவ ஆரம் நடு ஆரத்தைவிட 15-இல் ஒரு பங்கு குறைவு, சனியில் அது ஏறக்குறைய 10-இல் ஒரு பங்கு. சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, அதனால் அதன் பிடிப்பு தளர்வானது. நிறை உள்ளே எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். பூமி முழுவதும் ஒரே அடர்த்தியுள்ள பாய்மம் என்று கொண்டு நியூட்டன் 1687-இல் கணக்கிட்டபோது தட்டைத்தன்மை 230-இல் ஒரு பங்கு என்று வந்தது. ஈர்ப்பு முழுவதும் மையத்திலிருந்தே வருவதாகக் கொண்ட டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸுக்கு 578-இல் ஒரு பங்கு. உண்மை அளவு 298-இல் ஒரு பங்கு, இரண்டுக்கும் நடுவில். பூமியின் அடர்த்தி உள்நோக்கிக் கூடுகிறது என்பதை ஒரு துளையும் போடாமல் இந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது; எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த எண் இதுதான். சுழலும் பாய்மத் திரள் எந்தெந்த வடிவங்களில் நிலைத்து நிற்கும், எப்போது நிலைகுலையும் என்பதைப் பின்னாளில் முழுமையாக ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சந்திரசேகர். வெண்குறு விண்மீன்களின் எல்லையோடு அவர் பெயரை நிறுத்திவிடுகிறோம். 1960-களில் அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தது இந்தச் சிக்கலில்.

அணுக்கருவுக்கு வந்தால், முதல் தவறு கோள்களின் படத்தையே அங்கே ஒட்டுவது. நடுவில் சூரியன், சுற்றிலும் கோள்கள் என்ற படத்தைப் பார்த்தே வளர்ந்ததால், அணுக்கருவுக்குள்ளும் ஈர்ப்புதான் ஏதோ வகையில் வேலை செய்கிறது என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையிலான மின் விலக்கு, அவற்றின் ஈர்ப்பைப் போல ஒன்றுக்குப் பின் 36 சுழியங்கள் இட்ட அளவு மடங்கு பெரியது. அங்கே ஈர்ப்பைப் பேசுவதற்கே இடமில்லை. அந்த விலக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு பெம்டோமீட்டர் இடைவெளியில், அதாவது ஒரு மீட்டரைக் கோடி கோடியாகப் பிரித்து அதையும் பத்தாகப் பிரித்தால் வரும் நீளத்தைப் போல இரு மடங்கில், அது சுமார் 58 நியூட்டன். ஆறு கிலோ பொருளைக் கையில் தாங்குவதற்கு வேண்டிய விசை, கண்ணால் காண முடியாத இரண்டு துகள்களுக்கு இடையே இருக்கிறது. இதை மீறிப் பிடித்து வைத்திருப்பது வலிமை மிகு அணுக்கரு விசை.

அந்த விசையை ‘மிக வலிமையான ஈர்ப்பு’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது பெருந்தவறு. அதன் வீச்சு இரண்டு மூன்று பெம்டோமீட்டருக்குள் அடங்கிவிடும்; மிக நெருங்கினால், அரை பெம்டோமீட்டர் அளவில், அதுவே விலக்காக மாறும். எனவே ஒரு நியூக்ளியான், அதாவது அணுக்கருவில் உள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரான், தன்னைத் தொட்டு நிற்கும் சிலரை மட்டுமே பிடித்துக்கொள்ளும். அணுக்கரு எவ்வளவு பெருத்தாலும் அந்தப் பிடிப்பு ஒரு அளவுக்கு மேல் கூடாது. கோளின் ஈர்ப்போ, ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாவற்றையும் இழுக்க, கூடிக்கொண்டே போகும். புரோட்டான்களின் மின் விலக்கும் அப்படியே எல்லாவற்றுக்கும் இடையே கூடிக்கொண்டே போகும். கோள் பெரிதாகப் பெரிதாகக் கட்டு இறுகுவதும், அணுக்கரு ஒரு எல்லைக்கு மேல் தளர்வதும் இதனால்தான். அணுக்கருவைப் பிரிக்க வேண்டிய ஆற்றல், அதாவது பிணைப்பாற்றல், இரும்பு, நிக்கல் அருகே ஒரு நியூக்ளியானுக்கு 8.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) என்ற உச்சத்தைத் தொட்டு, யுரேனியத்தில் 7.6-க்கு இறங்குகிறது.

நியூட்ரான் ஒரு பசை என்பது மிகப் பரவலான விளக்கம். பசையாக இருந்தால் நியூட்ரானோடு நியூட்ரான் ஒட்ட வேண்டும். இரண்டு நியூட்ரான்கள் மட்டும் சேர்ந்து ஒரு கட்டுண்ட அணுக்கரு ஆவதில்லை. இரண்டு புரோட்டான்களும் ஆவதில்லை. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே சேர்ந்து டியூட்ரானாகின்றன, அதுவும் 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற மெலிந்த கட்டில். அணுக்கரு விசை எல்லா நியூக்ளியான்களுக்கும் ஏறக்குறைய பொதுவானது. துகள்களின் தற்சுழற்சி எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்து அது மாறும் என்பதால்தான் இந்த வேறுபாடு. நியூட்ரான் செய்யும் உதவி, விலக்கைக் கூட்டாமல் பிடிப்பைக் கூட்டுவது. யுரேனியம்-238-இல் 92 புரோட்டான்களுக்கு 146 நியூட்ரான்கள் தேவைப்படுவது அதனால். அப்படியானால் நியூட்ரானை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா என்றால், அளவு மீறிய நியூட்ரான்கள் பீட்டாச் சிதைவு என்ற கதிரியக்க மாற்றத்தில் புரோட்டானாக மாறிவிடும்.

நியூக்ளியான்கள் மீசான்கள் என்ற துகள்களைப் பரிமாறிக்கொள்வதால் இந்த விசை எழுகிறது என்று ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா 1935-இல் சொன்னார். அப்படிப்பட்ட மீசானான பையான் 1947-இல் கண்டுபிடிக்கப்பட்டது. குளுவான்கள் வந்த பிறகு யுகாவா தவறிவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். குளுவான்கள், புரோட்டானின் உட்கூறுகளான குவார்க்குகளைப் புரோட்டானுக்குள் கட்டும் துகள்கள். அக்கட்டின் வெளியே கசியும் எச்சமே நியூக்ளியான்களுக்கு இடையிலான விசை, அதன் தொலைவான பகுதிக்குப் பையான் கணக்கு இன்றும் பொருந்துகிறது.

பிணைப்பாற்றல் என்பதை உள்ளே பூட்டி வைத்த சேமிப்பு என்று எண்ணுவது, தேர்வு விடைத்தாள்களில் ஆண்டுதோறும் வரும் தவறு. அது கட்டு உருவானபோதே வெளியேறிவிட்ட ஆற்றல். மீண்டும் பிரிக்க வேண்டுமானால் நாம் செலுத்த வேண்டிய கடன். ஹீலியம் அணுக்கருவின் நிறை, அதன் நான்கு துகள்களின் தனித்தனி நிறைகளின் கூட்டுத்தொகையைவிட ஏறத்தாழ 0.75 விழுக்காடு குறைந்திருப்பது அந்த வெளியேற்றத்தின் தடம். இதிலிருந்து ஒரு கேள்வி எழும்: கல்பாக்கம் அணு உலையில் பிளவின்போது வரும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வலிமை மிகு விசை அவிழ்வதால் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இரு துண்டுகள் பிரிந்த நொடியில் அவற்றுக்கு இடையே குறுகிய வீச்சுள்ள பிடிப்பு அற்றுப்போய், இரு பக்கமும் உள்ள புரோட்டான்களின் மின் விலக்கு மட்டுமே எஞ்சி அவற்றை எறிகிறது. ஒரு பிளவில் வரும் ஏறத்தாழ 200 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் பெரும்பங்கு இப்படிச் சிதறும் துண்டுகளின் வேகம்தான். அந்த அளவில் ‘அணு ஆற்றல்’ பெரும்பாலும் மின் ஆற்றல் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

கடைசியாக, இரண்டு பொருள்களும் சந்திக்கும் இடத்தில் நேரும் தவறு. பல அணுக்கருக்கள் உருண்டையாக இல்லை, அவை சுழலவும் செய்கின்றன என்று கேட்டவுடன், பூமியைப் போலவே சுழற்சியால் நடுவில் புடைத்திருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உருக்குலைந்த அணுக்கருக்களில் பெரும்பாலானவை தட்டையானவை அல்ல, நீண்டவை; அந்த நீட்சி ஓய்வு நிலையிலேயே இருக்கிறது. நியூக்ளியான்கள் ஆற்றல் அடுக்குகளை நிரப்பும் விதமே அதற்குக் காரணம். ரெயின்வாட்டர், ஓகே போர், மோட்டல்சன் மூவரும் 1975-இல் நோபல் பரிசு பெற்றது இந்தத் தொடர்பை நிறுவியதற்காக. குவாண்டம் விதிப்படி, முழு உருண்டையைத் திருப்பினால் திருப்பியதற்கு அடையாளமே இல்லை என்பதால் அது ஒட்டுமொத்தமாகச் சுழல்வது என்ற நிலையே இல்லை. நீண்ட அணுக்கருவுக்கு மட்டும் அது உண்டு. யுரேனியம்-238-இன் முதல் சில கிளர்ச்சி நிலைகள், அதாவது ஓய்வு நிலைக்கு மேலான ஆற்றல் படிகள், 45, 148, 307 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று, சுழலும் பொருளுக்குரிய 1, 3.3, 7 என்ற விகிதத்தை ஒட்டியே வரிசையாக ஏறுகின்றன. புரோட்டான் அடுக்கும் நியூட்ரான் அடுக்கும் நிறைந்து உருண்டையாக நிற்கும் ஈயம்-208-இலோ இப்படி ஒரு வரிசையே கிடையாது. அதன் முதல் கிளர்ச்சி நிலைக்கே 2,600 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுகிறது.