தின்றே ஓட்டாண்டியாகாமல் டோட்டன்போரியைச் சுற்றுவது எப்படி?

கியோட்டோக்காரர் உடுத்தியே அழிவார், ஒசாகாக்காரர் தின்றே அழிவார் என்று ஜப்பானில் ஒரு சொலவடை உண்டு. தின்று தின்றே ஓட்டாண்டியாவதற்கு அவர்களிடம் தனிச்சொல்லே இருக்கிறது: குய்தாவோரே. அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒசாகாவின் நம்பா பகுதியில், கால்வாய் ஓரமாக இருக்கும் டோட்டன்போரிக்குத்தான் போக வேண்டும்.

முதல்முறை போனபோது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் ராமென் (நூடுல்ஸ் சாறு) கடையில் நுழைந்து ஒரு பெரிய கிண்ணத்தைக் காலி செய்தேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம், நூறு கடைகளின் வாசனையை மட்டும் சுவாசித்துக்கொண்டு நடந்தேன். இந்தத் தெருவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அதன்படி போனால் வயிறும் தாங்கும், பையும் தாங்கும்.

படி 1: மதியச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள், சில்லறையை இரட்டிப்பாக்குங்கள்

ஒரு யென் நம் காசுக்கு ஏறக்குறைய அறுபது பைசா. கிளம்பும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5000 யென் ரொக்கமாக இருந்தால் சாப்பாட்டுக்குத் தாராளம். அட்டை வாங்கும் கடைகள் பெருகிவிட்டாலும், தள்ளுவண்டி அளவிலான சின்னக் கடைகளிலும் சீட்டு எந்திரம் வைத்த ராமென் கடைகளிலும் இன்னும் 1000 யென் தாளும் நாணயமும்தான் சுளுவாகச் செல்லும். ரயிலுக்கு இக்கோக்கா அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2000 யென்னுக்குக் கொடுப்பார்கள், அதில் 500 முன்பணம்.

பையில் ஒரு காலி பிளாஸ்டிக் உறையும் கைக்குட்டையும் இருக்கட்டும். தெருவில் குப்பைத்தொட்டி தேடி அலைவது ஜப்பானில் தனிப் பொழுதுபோக்கு.

படி 2: வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்

கன்சாய் விமான நிலையத்திலிருந்து நன்காய் விரைவு ரயிலில் நம்பாவுக்கு முக்கால் மணி நேரம். ஊருக்குள் இருப்பவர்களுக்கு மிதோசுஜி சுரங்க ரயில் வசதி. நம்பாவில் இறங்கி 14ஆம் எண் வாசலைப் பிடியுங்கள். அங்கிருந்து ஐந்து நிமிட நடை. ஒரு எச்சரிக்கை: 'நம்பா' என்ற பெயரில் அங்கே பல நிலையங்கள் இருக்கின்றன, எல்லாம் தரைக்கடியில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். வாசல் எண்ணைப் பார்க்காமல் கூட்டத்தோடு போனால் வேறு ஏதோ பேட்டையில் தலைநீட்டுவீர்கள்.

பொழுது சாய்வதற்கு அரை மணி முன்பு அங்கே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூன் மாதத்தில் ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பகலில் பார்த்தால் கொஞ்சம் அழுக்கேறிய கடைத்தெரு. விளக்கு ஏறியதும் அதே தெரு வேறு ஆளாக மாறுவதைப் பார்ப்பதுதான் பாதிச் சந்தோஷம்.

படி 3: பாலத்தில் நில்லுங்கள், சாப்பிடாதீர்கள்

முதலில் எபிசுபாஷி பாலத்துக்குப் போங்கள். கால்வாய்க்கு மேலே, இரண்டு கையையும் தூக்கியபடி ஓடும் ஓட்டக்காரர் உருவம் தெரியும். கிளிகோ என்ற மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரம் அது. ஒரு மிட்டாய் தின்றால் 300 மீட்டர் ஓடலாம் என்பது அவர்களுடைய பழைய வாசகம். 1935இல் முதன்முதலில் வைத்தார்கள். இப்போது இருப்பது ஆறாவது, 2014இல் எல்இடி விளக்குகளோடு வந்தது. அதன் முன்னால் கையைத் தூக்கி, ஒற்றைக் காலில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் போவதில்லை. வெட்கப்படாதீர்கள், பக்கத்தில் நிற்கும் ஐம்பது பேரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

இந்தப் பாலத்துக்கு ஒரு கதை உண்டு. 1985இல் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி வாகை சூடியபோது ரசிகர்கள் இங்கே திரண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயராகக் கூவி, அந்த ஆட்டக்காரரின் சாயலில் இருந்த ரசிகரைக் கால்வாயில் குதிக்க வைத்தார்கள். ராண்டி பாஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் முறை வந்தபோது கூட்டத்தில் வெள்ளைக்காரர் இல்லை. பக்கத்து கேஎஃப்சி கடை வாசலில் நின்ற தாடிக்காரத் தாத்தா சிலையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்! அதன்பிறகு அணி தோற்றுக்கொண்டே இருந்ததும் தாத்தாவின் சாபம் என்று ஊரே பேசத் தொடங்கியது. சிலையை 2009இல் சேற்றிலிருந்து எடுத்தார்கள். ஆனாலும் ஜப்பான் பேஸ்பாலின் உச்சக் கோப்பையான ஜப்பான் சீரிஸ் மறுபடி கைக்கு வர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் குதிக்க வேண்டாம். தண்ணீரைப் பார்த்தாலே அந்த ஆசை போய்விடும்.

இந்தக் கால்வாயை 1612இல் வெட்டத் தொடங்கியவர் பெயர் டோட்டன். மூன்றாண்டில் வேலை முடிந்தபோது அவர் இல்லை, ஒசாகா முற்றுகைப் போரில் இறந்துவிட்டார். 'போரி' என்றால் வெட்டிய கால்வாய். பிறகு கரையோரம் கபுகி கூத்தும் பொம்மலாட்டமும் நடக்கும் கொட்டகைகள் வந்தன, கூத்துப் பார்க்க வந்த கூட்டத்துக்காகச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. கொட்டகைகள் போய்விட்டன, பசி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

படி 4: தெருவை ஒருமுறை வெறுமனே நடந்து முடியுங்கள்

கால்வாய்க்குத் தெற்கே இணையாகப் போவதுதான் முக்கியத் தெரு. கிழக்கு முனைவரை நடந்து திரும்பி வாருங்கள். கால்களை அசைக்கும் ராட்சத நண்டு, பச்சை டிராகன், மேளம் அடிக்கும் கோமாளிப் பொம்மை என்று கடைப்பலகைகளே ஒரு பொருட்காட்சி. அந்தக் கோமாளிப் பொம்மை நின்ற உணவகம் 2008இல் மூடப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு மனசு வரவில்லை, பொம்மை மட்டும் இன்னும் தெருவில் நின்று மேளம் தட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நடையின் நோக்கம் வேறு: வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று கவனிப்பது. பெட்டியை உருட்டிக்கொண்டு நிற்பவர்கள் மட்டும் இருந்தால் அது இணையத்தில் பெயர் வாங்கிய கடை. அலுவலகப் பையோடு இரண்டு பேராவது நின்றால் தாராளமாகப் போய் நிற்கலாம்.

படி 5: தாக்கோயாக்கி, ஆனால் ஒரே ஒரு தட்டு

இரும்புத் தட்டில் குழிகள், குழியில் மாவு, கம்பியால் சட்டென்று திருப்பிவிடும் கை. நம் குழிப்பணியாரம் பார்த்த கண்ணுக்கு இது புதிதில்லை. உள்ளே இருப்பதுதான் வேறு: ஒரு துண்டு ஆக்டோபஸ். ஒசாகாவில் ஐஸுயா என்ற கடையின் எண்டோ தொமெகிச்சி இதை 1935இல் உருவாக்கினார். பாலத்து ஓட்டக்காரரும் இதுவும் ஒரே வயது! அவர் முதலில் மாட்டுத்தசை வைத்துத்தான் உருண்டை சுட்டுக்கொண்டிருந்தார், அக்காஷி ஊரில் ஆக்டோபஸ் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாற்றினார்.

எட்டு உருண்டைகள் கொண்ட தட்டு 600 முதல் 900 யென் வரை. "ஹிதொட்சு குதசாய்" என்றால் 'ஒன்று கொடுங்கள்'. மேலே கறுப்பு சாஸ், மயோனைஸ், பச்சைப் பாசித்தூள், அப்புறம் சூட்டில் நெளியும் மீன்சீவல். மயோனைஸ் பிடிக்காவிட்டால் "மயோ நுக்கி" என்று சொல்லுங்கள். 'நுக்கி' என்றால் 'போடாமல்'. இந்த ஒரு சொல் உங்களை இரவு முழுக்கக் காப்பாற்றும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். வாங்கியதும் வாயில் போடாதீர்கள். வெளியே ஆறினமாதிரி இருக்கும், உள்ளே கொதிக்கும் கூழ். நான் முழுசாக விழுங்கப்போய் மேலண்ணம் வெந்து, இரண்டு நாள் தயிர்தான் சாப்பிட்டேன். குச்சியால் குத்தி ஆவியை வெளியேற்றுங்கள், இரண்டாகப் பிளந்து ஊதிச் சாப்பிடுங்கள். இரண்டு பேர் போனால் ஒரு தட்டு போதும்.

நடந்துகொண்டே தின்னாமல் கடை ஓரமாக நின்று முடித்துவிட்டு, காலித் தட்டை அந்தக் கடையிலேயே கொடுங்கள். எங்கே வாங்கினீர்களோ அங்கேதான் குப்பை. புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஜனவரியிலிருந்து ஒசாகா நகரத் தெருக்கள் முழுவதிலும் புகைக்கத் தடை, மீறினால் 1000 யென் அபராதம்.

படி 6: உட்கார்ந்து சாப்பிட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒக்கோனோமியாக்கியா, குஷிகாட்சுவா? இரண்டும் ஒரே இரவில் வேண்டாம்.

ஒக்கோனோமியாக்கி என்பது முட்டைக்கோசு நிறையப் போட்ட கனத்த அடை. உங்கள் முன்னால் இருக்கும் சூடான இரும்புத் தகட்டில் வைப்பார்கள், சின்னக் கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிட வேண்டும். குஷிகாட்சு என்பது குச்சியில் குத்தி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. இறைச்சி, இறால், தாமரைக்கிழங்கு, காடைமுட்டை என்று எதையும் பொரிப்பார்கள். பொதுக் கிண்ணத்துச் சாஸில் ஒரே ஒருமுறைதான் தோய்க்கலாம், கடித்த குச்சியை மறுபடி விட்டால் பெரிய குற்றம். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் கிண்ணம் போய்ச் சாஸ் புட்டி வந்துவிட்டது. என் ஓட்டு குஷிகாட்சுவுக்கு. குச்சி குச்சியாகச் சொல்லலாம், வயிறு போதும் என்றதும் நிறுத்தலாம்.

படி 7: சைவர்களும் மாட்டிறைச்சி தின்னாதவர்களும் இதைப் படியுங்கள்

இங்கே இனிக்கப் பேச முடியாது. இது சைவர்களுக்கான தெரு இல்லை. மீன்சீவல் ஊறிய தாஷிச் சாறு தாக்கோயாக்கி மாவிலும் ஒக்கோனோமியாக்கி மாவிலும் கலந்தே இருக்கும். மேலே தூவியதை எடுத்துவிட்டால் சைவமாகிவிடாது. ஒக்கோனோமியாக்கியில் வழக்கமாகப் பன்றி இறைச்சி வைப்பார்கள். ஒசாகாவில் வெறுமனே குஷிகாட்சு என்று கேட்டால் வருவது பெரும்பாலும் மாடு. சில கடைகளில் காய்கறியையும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள்.

'கியூநிக்கு' மாடு, 'புத்தாநிக்கு' பன்றி, 'தோரிநிக்கு' கோழி. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன்சாற்றோடு நல்ல மனசோடு கொண்டுவந்து வைப்பார்கள். என்னோடு வந்த சைவ நண்பர், நம்பாவில் ஓர் இந்திய உணவகத்தில் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். பத்து யென் நாணய வடிவில் சுட்டுத் தரும், 500 யென் அளவில் கிடைக்கும் பாலாடைக்கட்டி ரொட்டி, அடுப்பிலிருந்து நேராக வரும், பயறு வைத்து மீன் வடிவில் சுட்ட தையாக்கிப் பணியாரம் என்று அவர் இரவு ஒன்றும் வீணாகவில்லை. எங்களைவிட அவர்தான் நன்றாக வேடிக்கை பார்த்தார்.

படி 8: மது அருந்துகிறவர்கள்

வயது 20 ஆகியிருக்க வேண்டும். இசக்காயா எனப்படும் மதுக்கடையில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் பதார்த்தம் வரும். அது இலவசம் இல்லை, ஆளுக்கு 300, 500 யென் என்று பில்லில் ஏறும். ஏமாற்று அல்ல, இருக்கைக் கட்டணம் மாதிரி அங்கே அதுதான் வழக்கம். டிப்ஸ் வைக்காதீர்கள், துரத்திக்கொண்டு வந்து திருப்பித் தருவார்கள்.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. கால்வாய்க்கு வடக்கே சோவெமோன்சோ பக்கம் இரவு விடுதிகள் அதிகம். ஒன்பது மணிக்கு மேல் கையில் விலைப்பட்டியலோடு ஆள் பிடிப்பவர்கள் நிற்பார்கள். ஒருமுறை அப்படி ஒருவர் பின்னால் மூன்றாம் மாடிக்குப் போனேன். வாசலில் சொன்ன விலை ஒன்று, பில்லில் வந்தது அதைப்போல நான்கு மடங்கு. எனவே என் விதி ஒன்றே ஒன்று: கடை கூப்பிட்டால் போகலாம், ஆள் கூப்பிட்டால் போகக்கூடாது. பதில் பேசாமல் நடையைக் கட்டுங்கள். சிக்கல் என்றால் போலீசுக்கு 110.

படி 9: சந்துக்குள் போங்கள்

பெரிய தெருவிலிருந்து ஒரு நிமிடத்தில் தெற்கே ஹோசென்ஜி யோகோச்சோ. கல் பாவிய ஒடுக்கமான சந்து, காகித விளக்குகள். இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். அங்கிருக்கும் சின்னக் கோயிலில் ஃபுடோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலைமேல் வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் தெளித்துக் கும்பிடுவார்கள். தெளித்துத் தெளித்துச் சிலை முழுக்கப் பாசி படர்ந்து, முகமே தெரியாத பச்சை உருவமாகிவிட்டது. நீங்களும் ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றலாம்.

கோயில் பக்கத்திலேயே மெயோத்தோ சென்சாய் கடை. சிவப்புப் பயற்றைச் சர்க்கரையோடு வேகவைத்து, அரிசி உருண்டை மிதக்கவிட்ட கஞ்சி. ஒரு ஆளுக்குச் சொன்னாலும் இரண்டு கிண்ணத்தில் தருவார்கள், 'மெயோத்தோ' என்றால் தம்பதி. தனியாகப் போனால் இரண்டையும் நீங்களே குடித்துவிட வேண்டியதுதான். கூடவே தொட்டுக்கொள்ள உப்புப் போட்ட கடற்பாசி. இரவு பத்துக்கு மேல் இந்தக் கடையை எதிர்பார்க்காதீர்கள்.

படி 10: கடைசி ரயில்

நள்ளிரவை ஒட்டிச் சுரங்க ரயில் நின்றுவிடும், விடிகாலை ஐந்து வாக்கில்தான் மறுபடி ஓடும். பதினொன்றரைக்கு நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். தவறவிட்டால் டாக்சி, அல்லது விடியும்வரை ராமென். டிராகன் பலகைக் கடை அந்த நேரத்திலும் திறந்திருக்கும். கிளிகோ விளக்கு நள்ளிரவில் அணைந்துவிடுவதால், ஓட்டக்காரரோடு படம் எடுக்க மறந்தவர்கள் அதற்கு முன்பே பாலத்துக்கு ஓடிவிடுங்கள்.