ஸ்ட்ரிங் அடிக்கடி அறுந்துபோகிறதா? முதலில் அறுந்த இடத்தைப் பாருங்கள்

பேட்மிண்டன் ராக்கெட்டில் ஸ்ட்ரிங் அறுந்தவுடன் நேராகக் கடைக்குப் போய், "இதைவிட கெட்டியா ஒண்ணு போடுங்க" என்று சொல்வதுதான் முதல் தவறு. கெட்டியான ஸ்ட்ரிங் சில நேரம் உதவும்தான். ஆனால் கோளாறு குரோமெட்டிலோ (ஃபிரேம் துளைகளில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய்), டென்ஷனிலோ (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம்), அடிக்கும் முறையிலோ இருந்தால் எந்த ஸ்ட்ரிங்கைப் போட்டாலும் அதே இடத்தில்தான் அறுந்துபோகும். எனவே வெட்டி எடுப்பதற்கு முன் அறுந்த இடத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

நடுவிலா, ஓரத்திலா?

நடுப்பகுதியில் அறுந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். ஒவ்வொரு அடியிலும் நெடுக்கு ஸ்ட்ரிங் லேசாக நகர்ந்து குறுக்கு ஸ்ட்ரிங்கோடு உரசுகிறது. ஷட்டிலைச் சீவி டிராப் போடுபவர்களுக்கு இந்த உரசல் இன்னும் அதிகம். நெடுக்கு ஸ்ட்ரிங் ஒன்றை நகத்தால் ஓரமாக ஒதுக்கிப் பாருங்கள். குறுக்கு ஸ்ட்ரிங் படிந்திருந்த இடத்தில் சின்னப் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தில் மேல்பூச்சு போய், உள்ளிருக்கும் நைலான் இழைகள் பஞ்சுபோல வெளியே வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. முக்கியமான ஆட்டத்துக்கு அந்த ராக்கெட்டை நம்பிப் போக வேண்டாம்.

மேல் விளிம்பை ஒட்டி அறுந்திருந்தால் ஸ்ட்ரிங்கைக் குறை சொல்லாதீர்கள். ஷட்டில் நடுவில் படும்போது ஸ்ட்ரிங் நன்றாக வளைந்து கொடுக்கும், அக்கம்பக்கத்து ஸ்ட்ரிங்குகளும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஃபிரேமுக்கு அருகே அப்படி வளைய இடமில்லை. மொத்த வேகமும் ஒன்றிரண்டு ஸ்ட்ரிங்குகளில், அதுவும் குரோமெட்டை ஒட்டிய துண்டில் இறங்குகிறது. நேற்றுப் போட்ட புது ஸ்ட்ரிங்கும் இப்படி ஒரே ஸ்மாஷில் போய்விடும். ஷட்டிலுக்குப் பின்னால் சரியாகப் போய் நிற்காமல் எட்டி அடிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அவர்கள் சரிசெய்ய வேண்டியது காலடி வேகத்தையும் அடிக்கும் நேரத்தையும்தான்.

குரோமெட் துளையின் வாயிலேயே அறுந்திருந்தால் துளையைச் சந்தேகியுங்கள். ஸ்ட்ரிங் போடும் இயந்திரத்தின் கிளாம்ப் (பிடிப்பான்) பிடித்த இடத்திலோ முடிச்சருகிலோ அறுந்திருந்தால், அல்லது புதிதாகப் போட்ட ஓரிரு நாளில் பைக்குள் இருந்தபடியே அறுந்திருந்தால், போட்ட விதத்தில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

விலை அதிகம் என்றால் நாள்பட உழைக்கும் என்ற நினைப்பு

உழைப்பை முதலில் தீர்மானிப்பது தடிமன். பேட்மிண்டன் ஸ்ட்ரிங்குகள் ஏறக்குறைய 0.61 மி.மீ. முதல் 0.70 மி.மீ. வரை வருகின்றன. யோனெக்ஸ் பிஜி 65 தடிமன் 0.70, பிஜி 80 என்பது 0.68, பிஜி 66 அல்டிமாக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 என்பது 0.63. மெல்லியவை ஷட்டிலைச் சட்டென்று உந்தித் தள்ளும், அடிக்கும் சத்தமும் காதுக்கு இனிமை. அதற்கு ஈடாக ஆயுளை விட்டுக்கொடுக்கின்றன. விலை உயர்ந்த பல ஸ்ட்ரிங்குகள் இந்த மெல்லிய ரகம்தான். அறுவதுதான் உங்கள் கவலை என்றால் 0.68-க்குக் கீழே போகாதீர்கள். பல வருடங்களாகப் பயிற்சி மையங்களில் பிஜி 65 நிலைத்து நிற்பதற்கு அதன் உழைப்புதான் காரணம். ஏரோபைட் போன்ற கலப்பு வகைகளில் நெடுக்குக்கு 0.67, குறுக்குக்கு 0.61 என இரண்டு தடிமன் இருக்கும். ஷட்டிலைச் சீவி அடிப்பதற்கு அருமையானவை, நீண்ட ஆயுளுக்காக வாங்க வேண்டியவை அல்ல.

டென்ஷனில் ஆசைப்படுவது

தொழில்முறை வீரர்கள் 28, 30 பவுண்டில் ஆடுகிறார்கள் என்று நாமும் கேட்கிறோம். அவர்கள் பையில் பல ராக்கெட்டுகள் இருக்கும், ஸ்ட்ரிங்கை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டென்ஷன் கூடக் கூட ஸ்ட்ரிங் ஏற்கெனவே தன் எல்லை நோக்கி இழுக்கப்பட்டு நிற்கிறது. ஷட்டில் நன்றாகப் படும் நடுப்பகுதியும் சுருங்கிவிடுகிறது. அதனால் ஓரத்து அடிகளும் கூடும், அந்த அடிகளைத் தாங்கும் சக்தியும் குறையும்.

புதிதாக ஆடுபவர்களுக்கு 20 முதல் 22 பவுண்டு, தொடர்ந்து ஆடும் பெரும்பாலானோருக்கு 23 முதல் 26 பவுண்டு போதும். டென்ஷனைக் குறைத்தால் ஷட்டில் போகாது என்ற பயம் வேண்டாம். வலுவான வீச்சு இல்லாதவர்களுக்குக் குறைந்த டென்ஷனில்தான் ஷட்டில் தூரம் போகும். அடிக்கடி அறுந்தால் அதே ஸ்ட்ரிங்கில் முதலில் 2 பவுண்டு குறைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிங், டென்ஷன் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஃபிரேமிலோ அதை ஒட்டியோ அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. கிலோவில் போட்டிருந்தால் 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு கிடைக்கும்.

குரோமெட்டை யாரும் பார்ப்பதில்லை

ஸ்ட்ரிங் ஃபிரேமுக்குள் நுழையும் துளைகளில் இருக்கும் இந்தச் சின்ன பிளாஸ்டிக் குழாய்தான், கார்பன் ஃபிரேமின் கூர்விளிம்பு ஸ்ட்ரிங்கைத் தொடாமல் காக்கிறது. காலப்போக்கில் அது நசுங்கும், பிளக்கும், ஃபிரேமுக்குள் அமுங்கிப்போகும். அதன்பின் ஒவ்வொரு அடியும் ஸ்ட்ரிங்கைக் கத்தியில் வைத்து அறுப்பது போலத்தான். பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றிய பிறகு, புதிதாகப் போடுவதற்கு முன், ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்தில் பாருங்கள். மேல் வளைவு, இரண்டு ஸ்ட்ரிங்குகள் சேர்ந்து போகும் துளைகள், முடிச்சு விழும் துளைகள் ஆகியவற்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். பழுதான குரோமெட்டுகளைத் தனித்தனியாகவே மாற்றலாம், சில நிமிட வேலை. தரையில் கிடக்கும் ஷட்டிலை ராக்கெட்டால் உரசி எடுக்கும் பழக்கம் மேல் வளைவுக் குரோமெட்டுகளைத்தான் தின்றுவிடும்.

போடும்போது நடக்கும் சேதம்

குறுக்கு ஸ்ட்ரிங்கை வேகமாக ஒரே இடத்தில் உரசி இழுத்தால் நெடுக்கு ஸ்ட்ரிங்கின் பூச்சு சூடேறிக் கருகும். கிளாம்ப் அதிகமாக இறுகினால் அந்த இடம் தட்டையாகி வெளுத்துத் தெரியும். ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரிங் இருக்கும் துளையில் ஊசியைக் குத்தி வழி உண்டாக்கினால் உள்ளிருப்பது கீறுபடும். ராக்கெட்டைத் திரும்ப வாங்கும்போதே தடவிப் பார்த்து, நசுங்கலோ கீறலோ இருந்தால் அங்கேயே கேளுங்கள். ஃபிரேம் வடிவம் கெடாமலிருக்க, குறுக்கு ஸ்ட்ரிங்கை நெடுக்கைவிட 1 அல்லது 2 பவுண்டு கூடுதலாக இழுப்பது வழக்கம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் ராக்கெட்டை விட்டுவைக்காதீர்கள். சூட்டில் நைலான் தளர்ந்து டென்ஷன் சீக்கிரம் இறங்கிவிடும்.

ஒன்று அறுந்தபின் அப்படியே விடுவது

ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததும் அந்தப் பக்கம் மட்டும் இழுவிசை விட்டுப்போகிறது, மற்ற பக்கங்கள் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அப்படியே வைத்தால் ஃபிரேம் கோணி, விரிசல்கூட விடலாம். மிச்ச ஆட்டத்தை அதிலேயே முடிக்கலாம் என்று நினைக்காமல் உடனே வெட்டிவிடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக வெட்டக் கூடாது. நடுவில் தொடங்கி, நெடுக்கும் குறுக்கும் சேரும் இடத்தில் கத்தரியைச் சாய்வாக வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்டி, சுற்றிச் சுற்றி வெளிப்பக்கமாக வாருங்கள். துண்டுகளை வெடுக்கென்று இழுக்காமல் ஒவ்வொன்றாக உருவினால் குரோமெட் கூடவே பிடுங்கிக்கொண்டு வராது.