பழைய திங்க்பேடுக்குப் பொருந்துகிற பார்ட்ஸ் வாங்குவது எப்படி?

பத்து வருஷம் தாண்டிய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசு வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு 2012-ல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230. வேறு கம்பெனி லேப்டாப் என்றாலும் தேடும் முறை ஏறக்குறைய இதுதான்.

முதல் வேலை, லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் உள்ள லேபிளைப் போட்டோ எடுப்பது. ‘எக்ஸ்230’ என்ற பெயரோடு, 2325 என்பது போல நான்கு இலக்க மெஷின் டைப்பும் வேண்டும்.

அடுத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, கெட்டுப்போன பாகத்தையே வெளியே எடுங்கள். அதன் மேல் ‘எஃப்ஆர்யூ’ (மாற்றக்கூடிய உதிரிபாகம் என்று பொருள்) என்று போட்டு ஓர் எண் இருக்கும். தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். லேபிள் கிழிந்துபோயிருந்தால் கவலையில்லை. லெனோவோவின் ஹார்ட்வேர் மெயின்டனன்ஸ் மேனுவல், அதாவது பழுதுபார்க்கும் கையேடு, பிடிஎஃப்-ஆக இலவசமாகவே கிடைக்கிறது; எண்ணை அதில் தேடிப் பார்க்கலாம். எந்த ஸ்க்ரூவை எப்போது கழற்றுவது என்பதுகூடப் படத்தோடு அதில் உண்டு.

எண்ணுக்கு ஏன் இத்தனை அழுத்தம்? கீபோர்டைப் பாருங்கள். எக்ஸ்230, டி430, டி530 மூன்றுக்கும் ஒரே கீபோர்டுதான். மாடல் பெயர் சொல்லிக் கேட்டால் ‘ஸ்டாக் இல்ல சார்’ என்பவர், எண்ணைக் காட்டினால் எடுத்துத் தரலாம். பேட்டரி இதற்கு நேர் எதிர். முந்தைய மாடலான எக்ஸ்220-இன் பேட்டரி எக்ஸ்230-ல் கச்சிதமாக உட்காரும், ஆனால் சார்ஜ் ஏறாது. லேப்டாப்பின் உள்ளிருக்கும் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அதை ஏற்காது. வைஃபை கார்டும் அப்படித்தான்: லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸின் அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் 1802 என்ற பிழையைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். பயாஸை நோண்டி இதைத் தாண்டுபவர்கள் உண்டு. புதியவர்கள் ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்கிச் செருகிக்கொள்வதே நிம்மதி.

ரேம் சுலபம். 204 பின் கொண்ட லேப்டாப் டிடிஆர்3, இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை. 1.5 வோல்ட், 1.35 வோல்ட் இரண்டும் ஓடும். அடுத்து வந்த எக்ஸ்240-க்கோ 1.35 மட்டும்தான்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி 2.5 அங்குலம், 7 மி.மீ. தடிமன். பழைய 9.5 மி.மீ. டிஸ்க் உள்ளே நுழையாது.

சார்ஜர் 20 வோல்ட், உருண்டை முனை. வோல்ட் மாறக் கூடாது. ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது.

சென்னையில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும்போது பழைய பாகத்தையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் லேப்டாப்பும் கூட வரட்டும், கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம். ஆன்லைனில் என்றால், விற்பவரிடம் லேபிள் தெரிகிற போட்டோ கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

கீபோர்டு, ஹிஞ்ச், மேல்மூடி எல்லாம் பார்ட்ஸுக்காகப் பிரித்த பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்ததே போதும். பேட்டரியை மட்டும் நான் செகண்ட் ஹேண்டில் வாங்குவதில்லை. புதிது என்று தந்தாலும் தயாரித்த தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.