படம் ஓடாவிட்டால் உடனே நெட்டைத் திட்டாதீர்கள்

கோத்தகிரியில் நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் ஐந்து மணிக்கே ஊர் அடங்கிவிடும். அப்படி ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, இந்தப் படத் தளத்துக்காரன் மாதா மாதம் பணத்தை மட்டும் சரியாக எடுத்துக்கொள்கிறான். படத்தைக் கேட்டால் கறுப்புத் திரையைக் காட்டுகிறான்.”

வருவதற்கு முன்பே அவர் மூன்று வேலை செய்திருந்தார். இணைய இணைப்புக்காரரை இரண்டு முறை வரவழைத்துவிட்டார். பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிட்டார். மூன்றாவதுதான் மோசம். “உங்கள் பிளேயர் பழையது, புதியதை நிறுவுங்கள்” என்று எங்கோ எட்டிப்பார்த்த பெட்டியை அழுத்திவிட்டார். படம் வரவில்லை, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சூதாட்ட விளம்பரம் வந்தது.

பிளேயர் நிறுவச் சொல்லும் பெட்டியை நம்புவது பழைய காலத்துப் பழக்கம். ஒரு காலத்தில் ஃப்ளாஷ், சில்வர்லைட் என்று பிளக்-இன் (பிரவுசரோடு தனியாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) இல்லாமல் படம் ஓடாது. ஃப்ளாஷின் கதை 2020 டிசம்பரோடு முடிந்தது. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 அக்டோபரில் நின்றது. இன்றைக்குப் பணம் கட்டிப் பார்க்கும் படம், நகலெடுக்க முடியாதபடி பூட்டிய நிலையில் வருகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் பகுதியைப் பிரவுசரே கொண்டுவந்துவிடுகிறது. குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அது வைட்வைன், சஃபாரியில் ஃபேர்பிளே. இந்தப் பகுதி நிறுவனத்தின் சர்வரிடம் சாவி கேட்டு வாங்கித் திறக்கிறது. ஆகவே பணம் கட்டிப் பார்க்கும் தளத்துக்காக இன்று யாராவது பிளக்-இன் இறக்கச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் முறை பூட்டுள்ள படத்தைத் திறக்கும்போது மேலே ஒரு பட்டை வந்து அனுமதி கேட்கலாம். விளம்பரம் என்று நினைத்து அதை மூடிவிடுகிறோம். அமைப்புகளின் பொதுப் பகுதியில் டிஆர்எம் (இந்தப் பூட்டுக்குத்தான் அந்தப் பெயர்) என்ற தலைப்பின் கீழ் இருக்கும் கட்டத்தில் டிக் செய்தால் சரியாகிவிடும். குரோம் என்றால் புதுப்பித்து, முழுவதும் மூடித் திறந்து பாருங்கள். திரையைப் பதிவு செய்யும் மென்பொருள் பின்னால் ஓடினாலும் படம் கறுக்கலாம்.

கறுப்புத் திரையில் என் சொந்த அனுபவமும் உண்டு. குன்னூரில் மாமா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது பழைய புரொஜெக்டரில் படம் போடுகிறேன் என்று நானே முன்வந்தேன். புதிய எச்டிஎம்ஐ இணைப்பிலிருந்து பழைய விஜிஏ இணைப்புக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர் ஒன்று கையில் இருந்தது. மடிக்கணினியிலிருந்து வசனம் கேட்டது, சுவரில் ஒன்றுமில்லை. வர்க்கியும் டீயும் தீரும்வரை கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். விஷயம் இதுதான்: கேபிள் வழியே போகும் படத்துக்கும் எச்டிசிபி என்று ஒரு பூட்டு உண்டு. மறுமுனையில் இருக்கும் கருவி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். விஜிஏவுக்கு அந்தப் பாஷையே தெரியாது. கேபிளை மாற்றிப் பயனில்லை. எச்டிசிபி தெரிந்த டிவியில் நேராகச் செருகுவதுதான் வழி.

மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் பார்க்கலாம் என்று இறக்கி வைத்த படத்துக்கும் காலக்கெடு உண்டு. சிக்னல் இல்லாத வளைவில் அது முடிந்தால் புதுப்பிக்க முடியாது. கிளம்பும் முன் வீட்டிலேயே செயலியை ஒருமுறை திறந்து பாருங்கள். வாடகைப் படமானால், ஓடத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம்தான் என்பது பல இடங்களில் வழக்கம்.

இத்தனை பூட்டும் யாருக்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. திருட்டுப் பிரதி பார்க்கிறவனுக்கு இதில் ஒன்றும் தடையில்லை. பணம் கட்டியவர்தான் துண்டில் சுற்றிக்கொண்டு மழையில் வருகிறார்.

அக்காவின் கணினிக்கு வருகிறேன். அந்தப் பெட்டி பிரவுசரில் ஒட்டிவைத்த விளம்பர நீட்சிகளை நீக்கிய பிறகும் படம் வரவில்லை. அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன்: தேதி இரண்டு நாள் பின்தங்கி நின்றது. பிரதான பேட்டரி செத்து வெகுநாளாகி, நேராக மின்சாரத்தில்தான் ஓடுகிறது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ பேட்டரியும் சோர்ந்துவிட்டது. மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் நின்றுவிடும். செய்தித் தளங்கள் இதைப் பொருட்படுத்தாமல் திறந்தன. ஆனால் சாவிக்குத் தேதி உண்டு. நாளை மறுநாள் தேதியிட்ட சாவியைக் கணினி ஏற்கவில்லை. நேரத்தைச் சரிசெய்ததும் படம் ஓடியது.

அந்தச் சின்ன பேட்டரியை இன்னும் மாற்றவில்லை. மின்சாரம் வந்ததும் அக்கா முதலில் கணினியின் தேதியைச் சுவர்க் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், பிறகுதான் அடுப்பில் பாலை வைக்கிறார்.