நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனியாகப் பாடம் எடுக்கப்போகிறீர்களா?

"எல்லாப் பாடத்துலயும் வீக்கா இருக்கான் டீச்சர், எல்லாத்தையும் எடுத்துருங்க" என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் அம்மாக்கள் கொண்டுவந்து விடுவார்கள். உடனே ஐந்து புத்தகத்தையும் பிரிக்காதீர்கள். ஐந்து பாடத்திலும் பின்தங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கோளாறுதான் இருக்கும், வாசிப்பு.

முதல் நாள் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். திக்கினால் இரண்டாம் வகுப்பு, அதிலும் திக்கினால் ஒன்று. எங்கே திக்காமல் போகிறானோ அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், அவன் எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் சரி. அப்புறம் ஒரு கணக்கை எழுதிக் கொடுங்கள்: வலையில் 52 நண்டு, 27 விற்றாயிற்று, மீதி எவ்வளவு? விழித்தால் அதே கணக்கை நீங்கள் சத்தமாக வாசியுங்கள். காதால் கேட்டதும் போட்டுவிட்டான் என்றால் அவனுக்குக் கணக்கு வருகிறது, தமிழ்தான் வரவில்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் என்னிடம் வந்த ஒரு பையன் இப்படித்தான். அது தெரியாமல் மூன்று மாதம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்துவிட்டேன், இன்றும் மனசு உறுத்துகிறது.

விடை 35 என்று எழுதினால் அது வேறு விஷயம். 2-இல் 7 போகாது என்று 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்று கத்திப் பயனில்லை. ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கையில் கொடுத்து, எனக்கு 27 ரூபாய் கொடு என்று கேளுங்கள். ஒரு தாளைச் சில்லறை மாற்றினால்தான் ஆகும் என்று அவனே சொல்வான். நாலைந்து நாள் கையால் செய்த பிறகு பென்சிலைக் கொடுங்கள். பின்னத்துக்கு நுங்கு போதும், ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண், ஒன்றை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு.

தினமும் ஒரு மணி நேரம் என்றால் முதல் இருபது நிமிடம் வாசிப்புக்குத்தான், பிள்ளை களைப்பதற்கு முன்னால். வீட்டுப்பாடம் கடைசிப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அதை முடித்துக் கொடுப்பதிலேயே மணி போய்விட்டால் நோட்டு அழகாக இருக்கும், பிள்ளை அதே இடத்தில் நிற்கும்.

இங்கிலீஷில் எழுத்தின் பெயரைவிட ஒலியை முதலில் சொல்லிக் கொடுங்கள். நெட், பஸ், டின் எல்லாம் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள், ஒலிப்பது மாதிரியே எழுத்தும் வரும். போட், ஐஸ் அவனுக்குத் தெரிந்தவைதான், ஆனாலும் ஒலிக்கும் எழுத்துக்கும் ஒட்டாது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சமூக அறிவியலுக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். கடற்கரைப் பிள்ளைக்கு வாடைக்காற்றும் கச்சான் காற்றும் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று தெரியும், திசை அதிலேயே இருக்கிறது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில் பாம்பன் பாலத்தில் இடது பக்கம் வடகடல், புத்தகத்தில் அது பாக் விரிகுடா. வலது பக்கம் தென்கடல், அதுதான் மன்னார் வளைகுடா. மணலில் விரலால் வரைந்து பார்த்துவிட்டு அப்புறம் வரைபடத்தைக் காட்டுங்கள். பக்கத்திலேயே ரயில் பாலம், பழையது திறந்தது 1914, புதியது 2025, எத்தனை வருஷ இடைவெளி என்று கேட்டால் கழித்தலும் ஆயிற்று. அறிவியலும் அப்படித்தான், ஆவுளியா, அதாவது கடல்பசு, மீனா இல்லையா என்று கேளுங்கள், மீன் என்றுதான் பல பிள்ளைகள் சொல்வார்கள். மூச்சுவிட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று சொன்னால் பாலூட்டி என்ற சொல் அதற்கப்புறம் மறக்காது.

"பளம்" என்று எழுதினால் திட்டாதீர்கள், வீட்டில் பேசுவதைத்தான் எழுதுகிறான். நூறு தடவை எழுதச் சொல்வதற்குப் பதில் பழம், மழை, கிழமை என்று மூன்று சொல்லை அவன் வாயால் சொல்லவைத்து எழுதவையுங்கள், அன்றைக்கு அது போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற வீடுகளில் அந்த 61 நாளும் காசு இருக்காது, ஃபீஸ் கேட்டு நெருக்காதீர்கள். ஆனால் அப்பா வீட்டில் இருப்பார். அவர் வலை பொத்துகிற இடத்தில் உட்கார்ந்து தினமும் ஒரு கதையைப் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் அவரிடம், "அண்ணே, நேத்து என்ன கதை?" என்று கேளுங்கள். அவர் கோர்வையாகச் சொன்னால் பிள்ளை புரிந்து வாசித்திருக்கிறது, இல்லையென்றால் அதே கதையை இன்னொரு நாள் வாசிக்கவையுங்கள்.